மருத்துவரே பார்க்கும் மீயொலிக்கு ஒரு கலைச்சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் தமிழ் பேசும் நோயாளிகளுக்கும், எங்கள் பொதுமருத்துவப் பிரிவில் பயிலும் இளம் மருத்துவர்களுக்கும் ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறோம். மருத்துவரே நோயாளியருகே நின்று பார்க்கும் மீயொலிச் (அல்ட்ராசவுண்ட்) சோதனையான ‘பாயின்ட் ஆஃப் கேர் அல்ட்ராசவுண்ட்’ என்பதற்குப் பெயர் கிடைக்காமல் அந்தப் பணி முதல் பக்கத்திலேயே நிற்கிறது. ‘போகஸ்’ என்ற சுருக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஓர் அன்பர். தமிழ் எழுத்தில் அதைப் படிப்பவர் போலி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாகவும் அதைப் படிக்கக்கூடும் என்பதால் அந்த யோசனையை அன்றே கைவிட்டோம்.

பெயரிடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கதிரியல் துறையில் எடுக்கும் ஸ்கேனில் கேட்பவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். பார்த்தவர் உறுப்புகளை முறையாக அளந்து அறிக்கை எழுதி அனுப்புகிறார். நாம் பேசுவதோ, நோயாளியைப் பரிசோதிக்கும் மருத்துவரே நாடி பார்த்த கையோடு கருவியை எடுத்து, ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்ப்பது. மூச்சுத் திணறலோடு வந்தவரின் விலா இடைவெளியில் கருவியை வைத்தால், திரையில் நுரையீரல் உறையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ‘பி’ கோடுகள் எனப்படும் வெண்கோடுகள் ஓர் இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ தெரிகின்றனவா, அவை இருபுறமும் பரவியிருக்கின்றனவா என்பதைச் சில நிமிடங்களில் அறியலாம். அப்படித் தெரிந்தால் இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதோ என்ற ஐயம் வலுப்படும். பிரான்சு நாட்டு மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட, மூச்சுத் திணறலின் காரணத்தை நுரையீரல் மீயொலியால் தேடும் ‘ப்ளூ’ நெறிமுறை இவ்வகைப் பார்வையை ஒழுங்குபடுத்திய முயற்சிகளுள் முக்கியமானது. டெங்கு நோயாளிக்குப் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, மார்புக்கூட்டில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், வீங்கிய காலில் தொடைச் சிரையும் முழங்கால் மடிப்புச் சிரையும் அழுத்தினால் ஒட்டுகின்றனவா, உள்ளே இரத்த உறைவு இருப்பதால் ஒட்ட மறுக்கின்றனவா என்று பார்ப்பதும் இதே வகைதான்.

வந்த பரிந்துரைகளுள் ‘பராமரிப்பு முனை மீயொலி’ ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. ‘குவி மீயொலி’ கேட்க நன்றாக இருந்தாலும், மீயொலிக் கற்றையைக் குவித்து அந்த வெப்பத்தால் கருப்பைக் கட்டிகளைச் சுடும் சிகிச்சை ஒன்று ஏற்கெனவே இருப்பதால், பரிசோதனைக்கு வந்தவர் சிகிச்சைக்கு ஒப்பமிட்டதாகிவிடும். பலரும் ஆதரித்த ‘படுக்கையோர மீயொலி’யைத்தான் நான் நெடுநேரம் எடைபோட்டேன். அது இடத்தைச் சொல்கிறதே தவிர ஆளையும் நோக்கத்தையும் சொல்வதில்லை. கதிரியல் துறையினர் கருவியை வண்டியில் தள்ளி வந்து படுக்கையருகே முழு ஸ்கேன் எடுத்தாலும் அது படுக்கையோரம்தான். புறநோயாளிப் பிரிவில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் காலைப் பார்க்கும்போதோ அங்கே படுக்கையே கிடையாது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் ‘ஸ்கேன்’ என்றால் அறிக்கைத் தாளோடு வருவது. மருத்துவர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்ததும், “டாக்டரே ஸ்கேன் பண்ணிட்டாருங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாரு” என்று சொல்லிக்கொண்டு, வயிற்றுக்கு எழுதிக் கொடுத்த முழு ஸ்கேனை எடுக்காமல் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்தது ஒரு கேள்விக்காக மட்டுமே என்பது பெயரிலேயே தெரிந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

ஆகவே ‘உடனோக்கு மீயொலி’ என்று பரிந்துரைக்கிறேன். பழகிய இடத்தில் ‘உடனோக்கு’ என்றாலே போதும். மூன்றாம் வேற்றுமைக்கு இலக்கணத்தார் சொல்லும் உடனிகழ்ச்சிப் பொருள் இதில் அப்படியே பொருந்துகிறது: பரிசோதனையோடு உடன் நிகழ்வது, நோயாளியோடு உடனிருக்கும் மருத்துவரே செய்வது, உடனே விடை தருவது. ‘நோக்கு’ பார்வையையும் குறிக்கும், ஒரு குறிக்கோளையும் குறிக்கும். ‘அறிக்கை’ என்ற எண்ணத்தை அது எழுப்புவதில்லை. எல்லைப்புறத்துக்காரனான எனக்கு இன்னொரு வசதியும் தெரிகிறது. மலையாளத்திலும் ‘உடன்’, ‘நோக்கு’ இரண்டும் அன்றாடச் சொற்கள் என்பதால், தமிழ் படிக்கத் தெரியாத செவிலியருக்கும் காதால் கேட்ட அளவில் பொருள் எட்டிவிடும்.

கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன: நுரையீரல் உடனோக்கு, இதய உடனோக்கு, சிரை உடனோக்கு. பயிற்சிக்கு இது தேவை, ஏனெனில் இந்தத் திறன் ஒட்டுமொத்தமாகக் கைவருவதில்லை. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே 25 முதல் 50 வரை, தரம் சரிபார்க்கப்பட்ட சோதனைகளைச் செய்திருக்க வேண்டும் என்கிறது. நுரையீரலில் தேறிய ஒருவர் இதயத்தில் தேறியவராகிவிட மாட்டார். பயிற்சிக் குறிப்பேட்டில் அவை தனித்தனித் தலைப்புகளாகத்தான் இருக்க வேண்டும்.

‘கைபேசி ஸ்கேன்’, ‘பாக்கெட் ஸ்கேன்’ போன்ற பெயர்களை மட்டும் தயவுசெய்து பரப்ப வேண்டாம். கருவின் பாலினத்தைக் கண்டறியக்கூடிய எந்த மீயொலிக் கருவியும், அளவில் எவ்வளவு சிறியதானாலும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவுக்கு உட்பட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விரும்பிய இடமெல்லாம் எடுத்துச் செல்லும் பொருள் என்ற எண்ணத்தைப் பெயரே தந்துவிடக் கூடாது.

— கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பொதுமருத்துவர்

*

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம்.

தங்கள் சொல்லாக்கம் புணர்ச்சி விதிக்கு ஒத்ததே. ஆயினும் ‘உடனோக்கு’ என்று சேர்த்து எழுதினால் இன்றைய வாசகர் அதை எங்கே பிரிப்பது என்று தடுமாறுவார் என அஞ்சுகிறேன். ‘அணுக்க மீயொலி’ என்றால் என்ன? அரசர்க்கு நெருங்கி நின்று பணி செய்தோரை அணுக்கர் என்றது தமிழ். நோயாளியை அணுகி நின்று செய்யும் சோதனைக்கு அது தகும். ‘மீயொலி’யை விடுத்துக் ‘கேளாவொலி’ என்பதையும் கருதலாம்.

— பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

புலவர் ஐயா அவர்களுக்கு,

‘அணுக்கம்’ அழகான சொல். மறுக்க மனம் வரவில்லை. ஆனால் மருத்துவமனையில் ‘அணு’ என்ற ஒலி காதில் விழுந்ததும் நோயாளி கதிர்வீச்சை நினைப்பார். அணுக்கரு மருத்துவம் என்ற தனித் துறையும் இருக்கிறது. மீயொலியில் எக்ஸ் கதிர் போன்ற கதிர்வீச்சு அறவே இல்லை என்பதைக் கருவுற்ற தாய்மாரிடம் இப்போதே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் நிலையில், பெயரே அச்சத்தைக் கூட்டினால் எங்கள் பாடு கடினமாகிவிடும். மேலும் அணுக்கமும் இடத்தைத்தான் சொல்கிறது. ‘படுக்கையோர’த்துக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும்.

பிரித்துப் படிப்பதில் இடர் என்று தாங்கள் சொன்னது சரிதான். கையேட்டில் ‘உடன்நோக்கு’ என்று பிரித்தே அச்சிடுகிறோம். அகராதிப் பட்டியலில் புணர்ந்த வடிவையும் அருகே தரலாம். ‘மீயொலி’ பள்ளிப் பாடநூலில் ஊன்றிவிட்டதால் அதை அசைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நோயாளிக்குத் தரும் சீட்டில் கலைச்சொல்லோடு நிறுத்தாமல், “மருத்துவர் கையோடு உடன்நோக்கு செய்து இந்த ஒன்றை மட்டும் பார்த்தார்; எழுதிக் கொடுத்த முழு ஸ்கேனை எடுக்க வேண்டும்” என்ற வரியைச் சேர்த்திருக்கிறோம். அந்த வரியின் நடையைத் தாங்கள் ஒருமுறை திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும். உடலில் வைத்துப் பார்க்கும் கைப்பகுதியான ‘ப்ரோப்’ என்பதற்கு ‘ஆய்கோல்’ என்று எழுதியிருக்கிறேன். நோயாளிகள் அதை ‘மவுஸ்’ என்கிறார்கள். அதைத் தனி மடலில் எழுப்புகிறேன்.