டயல்-இன் லைன் கிடைக்கிறது, ஆனால் சர்வரைத் தாண்டி எதுவும் போகவில்லை

கேள்வி:
வணக்கம். இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு டெபியன் லினக்ஸ் சர்வர், அதில் இரண்டு சீரியல் மோடம். ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கில் டெலிபோன் லைன் மட்டும்தான் உண்டு. அங்கிருந்து டயல் செய்து சரக்குக் கணக்கை ஏற்ற வேண்டும்.

லேன் 192.168.10.0/24. அதில் சர்வர் 192.168.10.5, ஃபைல் சர்வர் 192.168.10.8, இன்டர்நெட் ரூட்டர் 192.168.10.1. டயல் செய்பவருக்கு பிபிபிடி (டயல்-இன் இணைப்பை நடத்தும் புரோகிராம்) 192.168.20.2 கொடுக்கிறது, எதிர்முனை 192.168.20.1. பாஸ்வேர்டு சரிபார்ப்பு முடிந்து லைன் ஏறிவிடுகிறது. கிடங்கிலிருந்து 20.1, 10.5 (முன்னால் வரும் 192.168-ஐ விட்டு எழுதுகிறேன்) இரண்டுக்கும் பிங் போகிறது. 10.8-க்கு மட்டும் பதிலே இல்லை. ரூட்டிங் சரியாக இருப்பதால்தானே 10.5 வரை போகிறது?

பதில்:
இல்லை தம்பி, அங்கேதான் ஏமாறுகிறோம். 20.1, 10.5 இரண்டுமே அதே சர்வரின் முகவரிகள். பாக்கெட் சர்வருக்குள் வந்தாலே போதும், பதில் கிடைத்துவிடும். ஒரு இன்டர்ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் வேலை அந்த பிங்கில் இல்லவே இல்லை. முதலில் அந்தக் கடத்தலை அனுமதிக்கும் ஐபி ஃபார்வர்டிங் 0-வா (ஆஃப்) 1-ஆ (ஆன்) என்று பாருங்கள்.

கேட்டவர்:
0 என்றுதான் இருந்தது அண்ணா. 1 ஆக்கினேன். இன்னும் பதில் வரவில்லை.

பதில்:
சரி, ஒரு அடி முன்னேறியிருக்கிறோம். இப்போது கிடங்கிலிருந்து 10.8-க்கு பிங் ஓடும்போதே, சர்வரில் ஈத்0 (லேன் கார்டு) மேல் டிசிபிடம்ப் (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
20.2-லிருந்து 10.8-க்குக் கேள்வி போவது தெரிகிறது. பதில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

பதில்:
அப்படியென்றால் போகும் வழி சரி, திரும்பும் வழிதான் இல்லை. 10.8 பதில் எழுதத்தான் செய்கிறது. 192.168.20.2 அதன் லேனில் இல்லாத முகவரி என்பதால், டீஃபால்ட் கேட்வேயான 10.1-க்கு அனுப்புகிறது. ரூட்டருக்கு 20-ஆம் நெட்வொர்க் எங்கே என்று தெரியாது. இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும்.

ரூட்டரில் '192.168.20.0/24 போக 192.168.10.5' என்று ஒரு ஸ்டாடிக் ரூட் போட்டால் தீரும். ரூட்டர் உங்கள் கையில் இல்லையென்றால் ப்ராக்ஸி ஆர்ப்.

கேட்டவர்:
ரூட்டர் இணைப்பு கொடுத்தவர்களிடம் இருக்கிறது, பாஸ்வேர்டு இல்லை. பிபிபிடி ஆப்ஷன்ஸில் ப்ராக்ஸி ஆர்ப் சேர்த்தேன். அதற்கான ஈதர்நெட் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று லாகில் வருகிறது.

இன்னொருவர் பதில்:
அது நியாயமான எர்ரர்தான். ஆர்ப் என்பது ஒரு ஐபி முகவரி யாருடையது என்று லேனில் கேட்கும் முறை. ப்ராக்ஸி ஆர்ப் என்றால், உதாரணமாக '10.201 யார்?' என்று லேனில் யாராவது கேட்கும்போது, டயல் செய்தவருக்குப் பதிலாக சர்வர் தன் மேக் முகவரியை (ஈதர்நெட் கார்டின் முகவரி) சொல்வது. முகவரி அதே லேனைச் சேர்ந்ததாக இருந்தால்தான் அப்படிக் கேள்வியே எழும். 20.2-ஐ லேனில் யாரும் ஆர்ப் போட்டுத் தேட மாட்டார்கள்; பிபிபிடிக்கும் பொருந்தும் ஈதர்நெட் கார்டு கிடைக்காது.

டயல்-இன் முகவரிகளை 192.168.10-க்குள் கொண்டுவாருங்கள். முதல் மோடத்துக்கு 192.168.10.5:192.168.10.201, அடுத்ததற்கு 10.202. நம் பக்கத்துக்கு 10.5-யே போதும், தனி முகவரி வேண்டாம். 201, 202 இரண்டும் டிஹெச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் சேவை) கொடுக்கும் வரம்புக்கு வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் காலை வேறொரு கணினி அதே முகவரியோடு வந்து நிற்கும், காரணம் தேடி அலைவீர்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது! 10.8-இல் ஆர்ப் பட்டியல் பார்த்தேன்: 201-க்கும் 5-க்கும் ஒரே மேக். எங்கள் டிஹெச்சிபி 100 முதல் 199 வரைதான், மோதல் இல்லை. இருவருக்கும் மிகவும் நன்றி.

முதல் பதில் எழுதியவர்:
சந்தோஷம் தம்பி. ஃபார்வர்டிங்கை கையால் 1 ஆக்கியிருந்தால் ரீபூட்டில் போய்விடும், சிஸ்கன்ட்ரோல் கான்ஃபிக் ஃபைலிலும் எழுதிவிடுங்கள். அப்புறம், இரண்டு பக்கமும் சாதாரண அனலாக் லைன் என்பதால் 33.6 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது, 56கே மோடம் வாங்கினாலும் அதேதான். 2 எம்பி ஃபைலுக்கு 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். மெதுவாகப் போகிறதே என்று கிடங்கில் இருப்பவர் லைனை வெட்டாமல் இருக்க முன்பே சொல்லி வையுங்கள்.