சென்னையிலிருந்து உலகத் தமிழர் கற்றல் வட்டங்கள்: டிரஸ்டா, கம்பெனியா, முதலில் எது?

வேளச்சேரி வாசி (கேள்வி)

நகர நிர்வாகம் எப்படி இயங்குகிறது என்பதைக் கூடிக் கற்கும் சிறு வட்டங்களை வேளச்சேரியிலும் பெரம்பூரிலும் தொடங்கி, பிறகு டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர் தமிழர்களோடு இணைப்பது திட்டம். இதையே முழுநேரத் தொழிலாக எடுக்கப் போகிறேன். டொராண்டோ அமைப்பு ஒன்று முதல் வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் நன்கொடை தரத் தயார். டிரஸ்ட் பதிவு செய்து உடனே வாங்கலாமா? செயலிக்கு 4 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன், சரியா?

கணக்குப்பிள்ளை

அந்த 6 லட்சத்தை இப்போது தொடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒரு ரூபாயாக இருந்தாலும் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க அமைப்புக்கு 3 வயது ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 நிதியாண்டில் நோக்கத்துக்காகவே 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். வாடகையும் அலுவலகச் சம்பளமும் அதில் சேராது. புது அமைப்புக்கு உள்ள ஒரே வழி முன் அனுமதி: இன்னார் தருகிறார், இவ்வளவு தருகிறார், இந்த வேலைக்கு என்று கொடுப்பவரின் கடிதத்தோடு விண்ணப்பிப்பது. அது கிடைத்தாலும் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. 2020 திருத்தத்தில் வந்த இந்தக் கடைசி விதிதான் வலைப்பின்னல் கட்டுகிறவர்களின் கையைக் கட்டுகிறது. சென்னையில் வாங்கி மதுரை வட்டத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது.

பலர் சறுக்கும் இடம் பாஸ்போர்ட். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் ஆகும். ஆள் அதே, ஊர் அதே, சட்டம் வேறு. நன்கொடை வாங்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் வாங்கி ரசீதோடு வையுங்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை இரண்டாகப் பிரிப்பதே நல்லது என்பேன். குடிமை வேலைக்கு டிரஸ்ட் அல்லது 8-ஆம் பிரிவுக் கம்பெனி (கம்பெனிச் சட்டப்படி லாபத்தைப் பங்கிடாத கம்பெனி). சங்கப் பதிவு என்றால் தமிழ்நாட்டில் 7 பேர் வேண்டும். ஆண்டுப் பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு வரும், ஆரம்ப காலத்தில் அது பெரிய சுமை. பயிற்சி, பாடத்திட்டம் விற்பதற்குத் தனியாகப் பிரைவேட் லிமிடெட். காரணம் இருக்கிறது: பொதுப்பயன் நோக்கமுள்ள அறக்கட்டளைக்குக் கட்டண வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வருட வரிவிலக்கு போய்விடும். உங்கள் சம்பளமும் கம்பெனியிலிருந்து வந்தால் கேள்வி குறைவு. டிரஸ்டி சம்பளம் எடுக்கலாம், ஆனால் நியாயமான தொகைதானா என்று வருமானவரி அதிகாரி நோண்டுவார்.

டொராண்டோ அமைப்புக்கு நிஜமாகவே பயிற்சி நடத்தித் தந்து, சந்தை விலையில் பில் போட்டு வாங்குவது கட்டணம், நன்கொடை அல்ல. அதற்காக நன்கொடைக்கு பில் என்று முகமூடி போடாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘மானியம்’ என்ற சொல் இருந்தாலே சிக்கல்தான்.

ஓட்டேரி நல்லா

பணக் கணக்கை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். செயலி இப்போது வேண்டவே வேண்டாம். இரண்டு வட்டம் இரண்டு சுற்று முடிக்கும் வரை வாட்ஸ்அப்பும் ஒரு ஷீட்டும் போதும். அந்த 4 லட்சத்தில் இரண்டு ஒருங்கிணைப்பாளர்களுக்கு மதிப்பூதியம் கொடுங்கள். வட்டம் சாவது செயலி இல்லாததால் அல்ல. கூட்டத்துக்கு முந்தின நாள் போன் போட ஆள் இல்லாததால்தான்.

ஒரு வட்டத்துக்கு 8 முதல் 12 பேர், 90 நிமிடம், 6 வாரம், ஒரே ஒரு பிரச்சினை. 15 பேரைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருவதால் ஆகஸ்டில் மழைநீர் வடிகாலை எடுங்கள். முதல் வாரம் தெருவில் நடை: நீர் உள்ளே போகும் ஒவ்வொரு கம்பித் துவாரத்துக்கும் போட்டோ, பக்கத்து வீட்டுக் கதவு எண், அடைத்திருப்பது மண்ணா, பிளாஸ்டிக்கா, மேலே போட்ட தாரா. இரண்டாம் வாரம்தான் உண்மையான பாடம்: இது யாருடையது? மழைநீர் வடிகால் மாநகராட்சி. கழிவுநீர் மேன்ஹோல் சென்னைக் குடிநீர் வாரியம். சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறை. வடிகாலில் சாக்கடை கலந்து வந்தால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கை காட்டும். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-இல் கொடுத்த புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று முடிந்துபோவதற்குப் பெரும்பாலும் துறை மாறிப்போனதுதான் காரணம்.

மூன்றாம் வாரம் தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வட்டம் முடிவதற்குள் பதில் வராது, ஆகவே அடுத்த சுற்றுக்கும் அதே ஆட்களில் இருவரையாவது நிறுத்துங்கள். ‘ஏன் தூர்வாரவில்லை’ என்று கேட்டால் பதில் தரமாட்டார்கள். ‘இந்த வார்டில் இந்தத் தெருவுக்கான வேலை உத்தரவு, அளவுப் புத்தக நகல்’ (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) என்று ஆவணத்தைக் கேளுங்கள். பிறகு ஏரியா சபாவும் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) கவுன்சிலர் சந்திப்பும். எந்தக் கட்சிக் கவுன்சிலராக இருந்தாலும் அதே கேள்வித்தாள்தான். கட்சி வாடை ஒட்டினால் பின்னால் எஃப்சிஆர்ஏ விண்ணப்பத்திலும் இடிக்கும்.

வேளச்சேரி வாசி

ரொம்ப நன்றி. வடிகால் பாடம் டொராண்டோவுக்கு எப்படிப் பொருந்தும்? பொது நேரம் எது வைப்பது?

ஓட்டேரி நல்லா

பாடம் போகாது, முறை போகும். தெருவைப் பார், உரியவர் யார் என்று கண்டுபிடி, ஆவணம் கேள், நேரில் பேசு என்ற வரிசை எந்த ஊருக்கும் ஒன்றுதான். தெருப் பழுதுகளைப் புகார் செய்ய பிரிட்டனில் 2007-இல் வந்த ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தின் நிரலை நார்வேக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஆனால் எந்தப் புகார் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை ஒவ்வொரு நாடும் தானேதான் கட்ட வேண்டும். கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு, அந்தந்த ஊர் வட்டமே நிரப்பட்டும். சொற்களையும் கவனியுங்கள்: இலங்கைத் தமிழருக்கு வார்டு என்பது ‘வட்டாரம்’. கையேட்டின் கடைசியில் ஊர்ச்சொல் அட்டவணை ஒன்று அவசியம்.

நேரம்: இங்கே சனி மாலை 7:30 என்றால் டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. லண்டனில் பிற்பகல் 2 அல்லது 3. சிங்கப்பூரில் இரவு 10. சிட்னியைச் சேர்த்தால் யாராவது தூங்கமாட்டார்கள், அவர்களைச் சிங்கப்பூரோடு தனி நேரத்தில் வையுங்கள். மார்ச்சிலும், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்திலும் டொராண்டோ, லண்டன் கடிகாரம் மாறும் வாரங்கள் வேறு வேறு. அந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் கூட்டத்தைத் தவறவிடுவார்கள். முந்தின வாரமே அவரவர் ஊர் நேரத்தில் தகவல் அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை

ஒன்று விட்டுப்போனது. பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கிறீர்கள் என்றால், 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள்தான். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் பெயர், எண்ணெல்லாம் பெற்றோர் எண்ணின் கீழ் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் பெற்றோரை மட்டும் சேருங்கள். கையேட்டை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் (எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் பகிரலாம், மாற்றலாம்) விடுவதானால், எழுதுகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்கிவிடுங்கள். 20 பேர் எழுதிய பிறகு தேடிப் போனால் இரண்டு பேர் போன் எடுக்கமாட்டார்கள், முழுக் கையேடும் முடங்கிவிடும்.