நீல் சிலை மவுண்ட் ரோட்டில் நின்ற காலத்துப் படம் வேண்டும்

பள்ளிக் கண்காட்சிக்கு 1927 நீல் சிலைச் சத்தியாக்கிரகம் பற்றி ஒரு தட்டி தயார் செய்கிறோம். 1857இல் அலகாபாத்தில் அப்பாவிகளைத் தூக்கிலிட்ட ஆங்கிலேயத் தளபதி நீலுக்கு வைத்த சிலை அது, அதை எதிர்த்து அஞ்சலை அம்மாள் தன் மகளோடு சிறை போனதைப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஸ்பென்சர் எதிரே சிலை நின்ற படம் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

இணையத்தில் தேடினால் குதிரைமேல் இருக்கும் மெட்ராஸ் ஆளுநர் மன்றோவின் சிலைதான் வருகிறது. நீல் நிற்கிற வெண்கலச் சிலை. 1937இல் ராஜாஜி அரசு அகற்றிய பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தில் எடுத்த படங்கள் கிடைத்தன, அவற்றில் சாலை இல்லை. பழைய அஞ்சலட்டை விற்பவர்களிடம் கேட்டாயிற்று. அப்புறம் நூலகத்தில் நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினேன், அச்சு மங்கிப்போய் கறுப்புத் திட்டாகத்தான் தெரிகிறது.

1937க்கு முன் எடுத்த, பீடமும் சாலையும் தெரியும் படம் யாரிடமாவது இருக்கிறதா?