மறு: ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’ – கேடயப்பொறி?

வணக்கம்.

ஐரோப்பிய நகரங்களும் குடும்பங்களும் கேடய வடிவில் வைத்திருக்கும் அடையாளம்தான் ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’. அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: மரபுச் சின்னம், குலச்சின்னம், இலச்சினை. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. அதற்கு எங்கள் ஊர்க் கதை ஒன்றும் காரணம்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குறிப்பு மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சின்னம் போட்ட டி-சர்ட்டுக்கு ஆர்டர் வந்தது. சிவப்புக் கேடயம், நடுவில் கருப்புப் பட்டை, பட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வெள்ளைச் சாய்சிலுவைகள். எம்பிராய்டரிப் பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, சைஸ் லேபிளைக் கொண்டாந்து நெஞ்சுல வெச்சிருக்கறாங்க?” என்றார். ட்ரிபிள் எக்ஸ்! நான் எழுதிக் கொடுத்த தாளில் ‘சின்னம்’ என்று ஒரே சொல்தான் இருந்தது. கேடயத்தை மட்டும் தைப்பதா, மேலே உள்ள கிரீடமும் சேர்த்தா, கீழே உள்ள வாசகமும் வேண்டுமா என்று அவர் கேட்டபோது என்னிடம் சொல்லே இல்லை. அந்தக் கிரீடம் 1489-இல் ஜெர்மானிய மன்னர் மாக்சிமிலியன் அனுமதித்தது. வாசகம் 1947-இல் நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினா தந்தது. நகரக் கொடியில் இரண்டுமே கிடையாது. ஆக, உறுப்புக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும்.

‘சின்னம்’ நம் ஊரில் தேர்தலுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்ததை நினைவுச் சின்னங்கள் எடுத்துக்கொண்டன. குலச்சின்னம் என்றால், நகராட்சிக்கு ஏது குலம்? (காடை கூட்டம், ஆந்தை கூட்டம் என்று கொங்கில் நமக்குக் குலப்பெயர்கள் உண்டு. அதற்காக வாசலில் ஆந்தை வரைந்து வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை.)

இலச்சினை நல்ல சொல். அதை லோகோவுக்கு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. லோகோவுக்குப் படம்தான் மூலம். கோடு மாறக்கூடாது, நிறத்துக்கு பான்டோன் எண் (எந்த ஷேடு என்று துல்லியமாகக் குறிக்கும் எண்) உண்டு; ஒரு ஷேடு தள்ளினால் ஆர்டர் கொடுத்த பையர் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவார். ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில் போர்வீரர்களின் கேடயத்தில் தொடங்கிய கோட் ஆஃப் ஆர்ம்ஸ் மரபு வேறு வகை. இங்கே மூலம் எழுத்து. ‘நீலக் களத்தில் பொன் சிங்கம்’ என்று வர்ணனை இருந்தால் போதும் (களம் என்றால் கேடயத்தின் பின்னணி), எந்த நீலம் என்று யாரும் கேட்பதில்லை. சிங்கம் ஒல்லியாக இருக்கலாம், தொப்பையோடும் இருக்கலாம். தியான சுலோகத்தை வைத்துக்கொண்டு ஸ்தபதி சிலை வடிக்கிறார் அல்லவா, அதே மாதிரி. அந்த வர்ணனைக்குத்தான் ‘பிளேசன்’ என்று பெயர். அதைப் ‘பொறியுரை’ என்று சொல்லலாம். அப்புறம் முழு உருவத்துக்குக் ‘கேடயப்பொறி’ தானாக வந்துவிடும்.

பொறி என்றதும் எலிப்பொறியும் பொறியியல் கல்லூரியும் நினைவுக்கு வரும் என்று முன்மடலில் ஒருவர் கேலி செய்திருந்தார். திரும்பிய பக்கமெல்லாம் கல்லூரி இருக்கிற கொங்கில் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் இமயத்தில் சேரன் பொறித்த வில்லைப் புறநானூறு ‘விற்பொறி’ என்றே சொல்கிறது. கரூரில் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசுகளிலும் அந்த வில்லும் அம்பும்தான். முன்னால் ‘கேடயம்’ நிற்கும்போது எலிக்கு அங்கே இடமில்லை.

கேடயத்தின் நிறங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. பொன் (மஞ்சள்), வெள்ளி (வெள்ளை) இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா எல்லாம் மற்றொரு கூட்டம். இந்தக் கூட்டத்தை ‘சாயம்’ என்றே வைத்துக்கொள்வோம், திருப்பூர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. உலோகத்தின் மேல் உலோகம் வைக்கக்கூடாது, சாயத்தின் மேல் சாயம் வைக்கக்கூடாது. வெள்ளைத் துணியில் மஞ்சள் நூலால் தைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும். ஆனால் ஆம்ஸ்டர்டாமே இந்த விதியை மீறியதுதான்: சிவப்பின் மேல் கருப்பு.

பட்டைகளுக்குச் சென்னிமலைத் தறியிலிருந்து இரண்டு சொல் எடுத்திருக்கிறேன். நெடுக்கே போவது பாவுப்பட்டை, குறுக்கே போவது ஊடைப்பட்டை. ஆம்ஸ்டர்டாம் கேடயத்தில் இருப்பது பாவுப்பட்டை. அதே நகரத்தின் கொடியில் அது ஊடைப்பட்டையாகப் படுத்துவிடுகிறது. பொறியுரை இப்படி வரும்: ‘செங்களம், நடுவே கரும் பாவுப்பட்டை, அதன்மேல் நேர்வரிசையில் மூன்று வெள்ளிச் சாய்சிலுவைகள்.’ இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் பட்டறைக்காரர் சைஸ் லேபிள் பக்கமே போயிருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. ஊர்ப்பெயரையே படமாக்கும் வகை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு கேடயத்தில் எருது ஆற்றைக் கடக்கிறது, பெர்லினுக்குக் கரடி (ஜெர்மன் மொழியில் கரடி ‘பேர்’). ‘சிலேடைப்பொறி’ சரியாக இருக்குமா? ஈரோட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்ற ஈரோடைகள் என்று கொண்டால் பச்சைக் களத்தில் அலையலையாக இரண்டு வெள்ளிப் பட்டைகள். சாயத்தின் மேல் உலோகம், விதிக்கும் பொருந்துகிறது. பிரம்மாவின் ஈர ஓடு என்கிற கதையைப் பிடித்தால் மண்டையோடு. டி-சர்ட்டில் அதுதான் நன்றாக விற்கும். ஆனால் அதில் இருப்பது சிலேடையா, தலபுராணமா? சிலேடை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் வேறு சொல் தாருங்கள்.