ராம்சே அளவீட்டில் விம்மல்: துடிப்பில் குறையா, கியூபிட்டிலேயே குறையா?

கேள்வி:
வணக்கம். 3.93 கிகா ஹெர்ட்ஸ் டிரான்ஸ்மான் (மீக்கடத்திச் சுற்றாலான கியூபிட், அதாவது குவாண்டம் பிட்) ஒன்றில், துடிப்பின் அதிர்வெண்ணை 1 மெகா ஹெர்ட்ஸ் விலக்கி வைத்து ராம்சே அளவீடு (இரு துடிப்புகளுக்கிடையே கியூபிட்டைக் காத்திருக்க விட்டு அதன் அதிர்வெண்ணை அறியும் முறை) செய்கிறேன். கியூபிட்டைக் கால் சுற்று திருப்பும் இரண்டு பை/2 துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை நீட்ட நீட்ட அலைவு சீராகத் தேயும் என்றிருந்தேன். ஆனால் 3 மைக்ரோ நொடியருகே அது ஏறத்தாழ மறைந்து, 6 மைக்ரோ நொடியில் மீண்டும் எழுகிறது. நடுவில், கியூபிட்டை அரைச் சுற்று திருப்பி மாறாத அதிர்வெண் விலகலை ரத்து செய்யும் எதிரொலித் துடிப்பைச் சேர்த்தால், இப்படி மறைந்து எழும் விம்மல் காணாமற்போகிறது. கிளர்நிலையின் ஆயுள் 30 மைக்ரோ நொடி. இரண்டாம் தாவல் (முதல் கிளர்நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு) முதல் தாவலைவிட (அடிநிலையிலிருந்து முதல் கிளர்நிலைக்கு) 250 மெகா ஹெர்ட்ஸ் குறைவு. எங்கே தேடுவது?

பதில் 1:
துடிப்பு மிகக் குறுகியதாக இருந்தால் கியூபிட் பயன்படுத்தும் இரு நிலைகளைத் தாண்டி மூன்றாம் நிலைக்குக் கசிவு ஏற்படும். அந்தக் கசிவைத் தடுக்கும் டிராக் (DRAG) முறையில் துடிப்பின் வடிவத்தைத் திருத்திப் பாருங்கள்.

பதில் 2:
கசிவுக்கு டிராக் சரியான மருந்துதான். ஆனால் காத்திருப்பு நேரத்தில் தோன்றும் இவ்வளவு மெதுவான விம்மலுக்கு அது காரணமாகாது. 3 மைக்ரோ நொடியில் மறைவதென்றால், சுமார் 0.16 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரண்டு அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. உங்கள் எண்களின்படி ஜோசப்சன் ஆற்றலுக்கும் மின்னேற்ற ஆற்றலுக்கும் உள்ள விகிதம் 35 அளவில் வருகிறது. அந்த விகிதத்தில் மின்னூட்டம் அதிர்வெண்ணை 0.2 மெகா ஹெர்ட்ஸ் வரை நகர்த்தும். இணை பிரிந்த எலக்ட்ரான் ஒன்று சந்தியை (இரு மீக்கடத்திகளுக்கு இடையிலான மெல்லிய தடுப்பை) கடக்கும்போதெல்லாம் மின்னூட்டத்தின் ஒற்றை-இரட்டைத் தன்மை மாறி, கியூபிட் ஓர் அதிர்வெண்ணிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் ஏதோ ஒன்றுதான் இருக்கும். சராசரி எடுக்கும்போதே இரண்டும் சேர்ந்து விம்முகின்றன. ஓர் ஓட்டத்துக்குள் அது மாறாததால் எதிரொலி அதை நீக்கிவிடுகிறது.

பல மணி நேரம் அளவிட்டு ஃபூரியே மாற்றம் எடுங்கள். இரு முகடுகளும் சராசரியின் இருபுறமும் சமமாக விலகி நெருங்கினால் இதுவே காரணம். பொருளிலுள்ள நுண்குறைபாடு ஒன்று கியூபிட்டோடு பிணைந்திருப்பது (குறைபாட்டு இருநிலை அமைப்பு) என்றால் அந்தச் சமச்சீர் இருக்காது.

கேட்டவர்:
சமமாகவே விலகின, ஒரு கட்டத்தில் ஒன்றாகக் கலந்தும்விட்டன. மிக்க நன்றி. வாயில்களை (கியூபிட் மீது செய்யும் கணக்கீட்டுச் செயல்களை) இது எவ்வளவு பாதிக்கும்?

பதில் 2:
30 நானோ நொடி வாயிலில் கட்டப் பிழை 0.015 ரேடியன் அளவே. நீண்ட காத்திருப்புகளில் எதிரொலியைச் சேருங்கள். அகச்சிவப்பு வடிகட்டி இந்த ஒற்றை-இரட்டை மாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஆனால் இரு அதிர்வெண்களின் இடைவெளியைக் குறைக்காது. அடுத்த சில்லில் விகிதத்தை 50 ஆக்கினால் இடைவெளி பத்து கிலோ ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கும். அதிர்வெண்ணை மாற்றாமல் அப்படிச் செய்தால், இரு தாவல்களுக்கு இடையிலான 250 மெகா ஹெர்ட்ஸ் வேறுபாடும் குறையும் என்பதால், பதில் 1 சொன்ன டிராக் திருத்தம் அப்போது கட்டாயம் தேவைப்படும்.