நடப்பு, கிடப்பு: நின்றுபோன ஆட்டத்தொடர்களுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் இரண்டு தடவை படித்துவிட்டேன். கேள்வியைக் கிளப்பியவன் நான்தான் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாகப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தன்னார்வமாகத் தமிழாக்கிவருவது ஒரு கட்டற்ற செயலி. நம்மிடம் இருக்கும் வீடியோ கேம்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள உதவுவது. அதில் ஒவ்வோர் ஆட்டத்தொடரின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு நிலைக்குறி வரும். மூன்றே நிலைகள்தான். புதிய ஆட்டங்கள் வந்துகொண்டிருக்கும் தொடர் ஒன்று, முடிந்துவிட்டது என்று அறிவித்த தொடர் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. பல வருடமாகப் புதிதாக எதுவும் வரவில்லை. முடிந்தது என்றும் யாரும் சொல்லவில்லை. ரசிகர்கள் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த நடு நிலைக்குத்தான் சொல் தேடுகிறோம். பொத்தான் சிறியது. ஒரே சொல்லாக அமைந்தால் நல்லது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எனக்கு இது ஐ.ஜி.ஐ. (எதிரி முகாமுக்குள் புகுந்து சுடும் கணினி ஆட்டம்) ஆடிய நாட்களோடு ஒட்டிய விஷயம். 2004இல் பள்ளி விட்டதும் நேராகப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவோம். மணிக்கு 20 ரூபாய். அந்த முதல் ஐ.ஜி.ஐ.யில் ஒரு கட்டத்தின் நடுவே சேமித்து வைக்க வழியே கிடையாது. அலாரம் அடித்து, காவலர்கள் ஓடிவந்து, கடைசி கட்டடத்துக்கு வெளியே ஒரு குண்டு பட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான். பாதியில் நேரம் முடிந்துவிட்டாலும் அதே கதிதான். அதனால் கடை அண்ணன் எங்கள் பக்கம் திரும்பும்போதே நானும் நண்பனும் சட்டைப்பையைத் துழாவி, அடுத்த அரைமணிக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் எடுத்துவைத்துவிடுவோம். 2003இல் வெளியான இரண்டாம் பாகத்தோடு அந்தத் தொடர் நின்றது. 2019இல் ஒரு முன்கதை ஆட்டம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியை அனுப்பி வைத்தவன் அதே நண்பன்தான், துபாயிலிருந்து. அந்தத் தொடரின் பெயருக்குப் பக்கத்தில் என்ன சொல் வர வேண்டும் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

சரி, முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> உறங்குதொடர் என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், சந்தேகமே இல்லை. வினைத்தொகை, வல்லினம் மிகாமல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. பள்ளிப் புவியியலில் ‘உறங்கும் எரிமலை’ என்று படித்திருக்கிறோம். வேளாண்மைக்காரர்கள் ‘விதை உறக்கம்’ என்கிறார்கள். ‘டார்மன்ட்’ (dormant) என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் தூக்கம்தான் இருக்கிறது. இத்தனை இருந்தும் எனக்கு ஏன் மனம் ஒப்பவில்லை என்றால், எரிமலை தானாக விழித்துக்கொள்ளும். விதையும் ஈரமும் காலமும் கூடிவந்தால் தானாக முளைக்கும். ஆட்டத்தொடர் அப்படி இல்லை. யாரோ ஒருவர் கையில் உரிமை இருக்கிறது, அவர் மனம் வைத்தால்தான் உண்டு.

சிஸ்டம் ஷாக் என்ற ஆட்டத்தொடரின் கதையைப் பாருங்கள். முதல் ஆட்டம் 1994, இரண்டாவது 1999. அவற்றை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் 2000இல் மூடப்பட்டது. அதற்கப்புறம் அந்தத் தொடரின் உரிமை போய்ச் சேர்ந்த இடம் ஒரு காப்பீட்டு நிறுவனம்! 2012இல் ஸ்டீபன் கிக் என்பவர் மத்திய அமெரிக்காவில் பயணம் போயிருந்தபோது தன் மடிக்கணினியில் இரண்டாவது ஆட்டத்தை ஆடப் பார்த்திருக்கிறார். அது ஓடவில்லை. வாங்கலாம் என்றால் விற்பனையிலும் இல்லை. உரிமை யாரிடம் என்று தேடிப்போய் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி, 2013 பிப்ரவரியில் அதை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார். நைட்டைவ் ஸ்டுடியோஸ் என்ற அவருடைய நிறுவனம் பிறந்தது அப்படித்தான். பிறகு முதல் ஆட்டத்தையே புதிதாகக் கட்டி 2023இல் வெளியிட்டார்கள். இதில் எங்கே இருக்கிறது தூக்கம்? ஒரு அலமாரியில் காகிதமாகக் கிடந்தது, ஒருவர் தேடிப்போய் எடுத்தார்.

தேடிப்போயும் கிடைக்காத கதையும் உண்டு. 2000இல் வந்த ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ தொடருக்காக அதே நைட்டைவ் முயன்றது. உரிமை எந்தெந்த நிறுவனத்திடம் எவ்வளவு என்று உரியவர்களுக்கே தெளிவில்லாத நிலையில் அந்த முயற்சி நின்றுபோனது. உறக்கம் என்ற சொல்லில் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை.

> அறிதுயில் என்ற அருமையான சொல் இருக்கிறது, பயன்படுத்துவோம்.

திருவரங்கத்து ஐயா சொன்ன இந்தச் சொல்லின் அழகில் ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்தேன், உண்மை. ஆனால் அறிதுயில் கொள்ளும் பெருமாள் எல்லாம் அறிந்தே கண் வளர்கிறார். இங்கே அறிந்தவர் யாரும் இல்லை ஐயா. அந்தச் சொல் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

> தரிசுத் தொடர்.

இதை எழுதிய தஞ்சாவூர் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், என் யோசனையின் போக்கையே மாற்றிவிட்டது அந்த ஒரு வரி. தரிசு நிலத்துக்குப் பட்டா உண்டு. உடையவர் பெயர் உண்டு. பயிர் மட்டும் இல்லை. நான் தேடிய பொருள் முழுக்க இதில் இருக்கிறது. இடிக்கிற இடம் ஒன்றுதான். தரிசு என்றால் பலருக்கு ‘ஒன்றும் விளையாத நிலம்’ என்றே காதில் விழும். விளையாத நிலத்துக்காக யாரும் இருபது வருடம் காத்திருக்க மாட்டார்கள்.

அந்த மடலைப் படித்துவிட்டு அன்றைய செய்தித்தாளைப் புரட்டியபோது கண்ணில் பட்டது: ‘கிடப்பில் போடப்பட்ட மேம்பாலப் பணி’. நாம் அன்றாடம் எழுதும் சொல். என் முன்மொழிவு இதுதான்: கிடப்பு. தொடரோடு சேர்த்துச் சொன்னால் கிடப்புத் தொடர் (வன்தொடர்க் குற்றியலுகரம், எனவே த் மிகும்).

கிடப்பில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ‘கிடப்பில் போட்டார்கள்’ என்றால் போட்டவர் ஒருவர் இருக்கிறார். ‘கிடப்பில் கிடக்கிறது’ என்றால் யாரும் வேண்டுமென்று போடவில்லை, அப்படியே கிடந்துவிட்டது. சிஸ்டம் ஷாக் இரண்டாவது வகை. எதுவாக இருந்தாலும் தொடர் முடிந்துவிடவில்லை என்பது தெளிவு, ஒருவர் எடுக்க வேண்டும் என்பதும் தெளிவு.

இன்னொன்று. செயலியில் புதிய ஆட்டங்கள் வந்துகொண்டிருக்கும் நிலைக்கு ‘செயலில் உள்ளது’ என்று எழுதி வைத்திருந்தேன். அதை நடப்பு என்று மாற்றிவிட்டால் நடப்பு, கிடப்பு, முடிவு என்று மூன்றும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன. நடப்பது நடப்பு, கிடப்பது கிடப்பு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளிடம் காட்டினேன். விளக்கம் எதுவும் கேட்காமல் அவளுடைய தொடர்களைப் பிரித்து அடுக்கிவிட்டாள்.

நேற்று சென்னையிலிருந்து அக்கா ஒருவர் எழுப்பிய மறுப்பு முக்கியமானது. கிடப்பு என்றாலே அரசு அலுவலகக் கோப்பு வாடை வருகிறது, ஆசையோடு ஆடுகிற ஒன்றுக்கு இது பொருந்துமா என்று கேட்டிருந்தார். அக்கா, ‘கிட’ என்ற வேரை அந்தக் கோப்புக்கு மட்டும் நாம் எழுதிக் கொடுத்துவிடவில்லையே. பெருமாள் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று நிலையில் காட்சி தருகிறார். அறிதுயிலே கிடந்த கோலம்தான். அதோடு, அந்தக் கோப்பு வாடையில் ஒரு குறை சொல்லும் தொனி இருக்கிறதல்லவா, அது இங்கே இருக்கட்டும் என்றே நினைக்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கும் ரசிகரின் குரல் அதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பரும் தங்கள் பத்திரிகைகளில் இதே பொருளில் கிடப்பு புழங்குகிறது என்று உறுதிசெய்திருக்கிறார். இரு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் அமைவது நமக்கு எத்தனை அரிது என்று உங்களுக்குத் தெரியும்.

சொல்லைச் சில தொடர்களில் போட்டுப் பார்த்தேன். ஷென்மூ: முதல் ஆட்டம் 1999, இரண்டாவது 2001, கதை பாதியில் நின்றது. 2015இல் கூட்டுநிதி திரட்டினார்கள். 69,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சேர்ந்து 63 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2019 நவம்பரில் மூன்றாவது வந்தது. ‘பதினெட்டு ஆண்டு கிடப்பிலிருந்த தொடரை ரசிகர்களே பணம் போட்டு எடுத்தார்கள்.’ வாக்கியம் தடுக்காமல் ஓடுகிறது. அந்த மூன்றாவதிலும் கதை முடியவில்லை, எனவே இப்போது மறுபடியும் கிடப்பு. எஃப்-சீரோ என்ற பந்தயத் தொடர் 2004க்குப் பிறகு கிடப்பு. 2023இல் 99 பேர் ஒன்றாக ஓட்டும் எஃப்-சீரோ 99 வந்ததும் அதை நடப்பு என்று மாற்றுவதா, முழு ஆட்டம் வரும்வரை காத்திருப்பதா என்பது அவரவர் முடிவு. சொல் அதில் தலையிட வேண்டாம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற பேரரசு கட்டும் ஆட்டத்தொடர் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆட்டம் 2005இல் வந்தது. அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009 தொடக்கத்தில் மூடப்பட்டது. முதன்மைத் தொடர் கிடப்புக்குப் போனது. ஆனால் 1999இல் வந்த இரண்டாம் ஆட்டத்தை ரசிகர்கள் விடவே இல்லை. அவர்களே புதிய நாகரிகங்களை (நாம் தேர்ந்து ஆடும் மக்கள்) சேர்த்து ஒரு விரிவாக்கம் செய்தார்கள். 2013இல் அதே ரசிகர் குழுவின் வேலை அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே வெளியானது. அதில் இந்தியர்கள் என்று ஒரே நாகரிகம், அவர்கள் பேசியது இந்தி. 2022 ஏப்ரலில் அதைப் பிரித்து வந்த விரிவாக்கத்தில் திராவிடர்கள் தனி நாகரிகம் ஆனார்கள். இராசேந்திர சோழனுக்கு ஒரு படையெடுப்புக் கதை. உறுமி வாள் வீரர், திரிசடை என்ற கப்பல். அன்று இரவு ஒரு குடியானவனைத் தொட்டேன், தமிழில் பதில் சொன்னான். அப்படியே சுட்டியை விட்டுவிட்டு இன்னொரு தடவை தொட்டுக் கேட்டேன். பதினைந்து வயதில் இந்த ஆட்டத்தை ஆடியபோது இப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்ததே இல்லை. 2009இல் முடிந்தது என்று முத்திரை குத்தி எல்லோரும் எழுந்து போயிருந்தால் இது வந்திருக்காது. கிடப்பு வேறு, முடிவு வேறு என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மற்ற சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்டத்தையே படத்துல்லியம் கூட்டி வெளியிடுவது மெருகுப் பதிப்பு. அடித்தளத்திலிருந்து திரும்பக் கட்டுவது மறு ஆக்கம். கதையை ஆரம்பத்திலிருந்து வேறு விதமாகத் தொடங்குவதற்கு மறுதொடக்கம் வேண்டாம், அது கணினியை அணைத்துப் போடுவதற்குப் போய்விட்டது, புதுத்தொடக்கம் இருக்கட்டும். பெயர் உரிமை இல்லாமல் பழைய ஆட்டத்தின் சாரத்தை எடுத்துச் செய்வதற்கு வழித்தோன்றல் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பைக்கில் போகிறபோதே சங்கிலியால் அடிக்கும் ரோட் ராஷை நினைத்துக்கொள்ளுங்கள். 1991இல் தொடங்கிய தொடர் அது, கிடப்பில்தான் இருக்கிறது. அதே ஆசையில் வேறு ஒரு குழு செய்து 2017இல் வெளியிட்டது ரோட் ரிடெம்ப்ஷன். வழித்தோன்றல் என்றால் குடும்ப உரிமை வந்துவிடுகிறது. மானசீக குரு என்று ஏற்கெனவே சொல்கிறோம், எனவே இதை மானசீக வாரிசு என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிடப்பிலிருந்து எடுத்துவருவதற்கு வினையாக ‘நடப்புக்குக் கொண்டுவருதல்’ போதும், பேச்சில் ‘தூசி தட்டி எடுத்தார்கள்’ இருக்கவே இருக்கிறது. பெயர்ச்சொல்தான் சரியாக அமையவில்லை. மீட்பு என்று எழுதிப் பார்த்தேன், கோப்பு மீட்பு, கடவுச்சொல் மீட்பு என்று அதே செயலியில் நான்கு இடத்தில் வருகிறது. புத்துயிர் என்றால் செத்துப்போனது என்று ஆகிவிடும். இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

சொற்பட்டியலில் ஏற்ற நான் எழுதிவைத்திருக்கும் வரையறை:

*கிடப்புத் தொடர்: உரிமையாளர் முடித்துவைக்காமலும் தொடராமலும் விட்டிருக்கும் ஆட்டத்தொடர்.*

திருத்தம் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு காலை மூன்று நிலைக்குறிகளையும் செயலியில் ஏற்றிவிடுகிறேன். ஐ.ஜி.ஐ.க்குப் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று படம் பிடித்து இங்கேயே அனுப்புகிறேன்.

அன்புடன்.