பழைய பெட்ரோல் லாரி இன்ஜின்: டைமிங் வைக்கிறதும் கரண்ட் தேடுறதும்

டைமிங்ல, அதாவது பிளக் பொறி விடுற நேரத்துல, கை வைக்கிறதுக்கு முன்னாடி பாயிண்ட் கேப்பைப் பாருங்க. பாயிண்ட்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுத் தர்ற பாகம்) திறந்து மூடுற சுவிட்ச், கேப்னா அதோட இடைவெளி. பாயிண்டைத் திறக்க கேம் (உள்ளே சுத்துற முனை வெச்ச தண்டு) தள்ளுற ஃபைபர் கட்டை தேயத் தேய கேப் குறையும், பாயிண்ட் லேட்டா திறக்கும், டைமிங் பின்னால போயிடும். அப்படியே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வெச்சுட்டு, பிறகு கேப்பைச் சரி பண்ணினா டைமிங் முன்னால ஓடிடும். பாதி நாள் வேலை வீண்.

கேம் முனை ஃபைபரை முழுசா தூக்கி நிற்கும்போதுதான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடணும். நிறைய இன்ஜினுக்கு 0.4 மி.மீ. ஒட்டி வரும், ஆனா புக்ல போட்டிருக்கிறதே கணக்கு. ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடுன்னு ஆன பாயிண்ட்ல கேஜ் பொய் சொல்லும். அதைத் தேய்க்காதீங்க, மாத்திடுங்க. கேம்ல துளி கிரீஸ் தடவலைன்னா புது ஃபைபரும் சீக்கிரம் தேயும்.

———

டைமிங் லைட் இல்லாதவங்களுக்கு 12 வோல்ட் பல்பு ஒண்ணு போதும். காயில்லேருந்து (பிளக்குக்கு வோல்டேஜை ஏத்தித் தர்றது) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற சின்ன ஒயர்ல ஒரு முனை, எர்த்ல ஒரு முனை. இன்ஜினை ஓடுற திசையிலேயே சுத்தி புல்லி மார்க்கை நிறுத்துங்க. தாண்டிட்டா அப்படியே பின்னால கொண்டு வராதீங்க, செயினோட தொய்வு கணக்கைக் கெடுக்கும். நல்லாப் பின்னால போய் மறுபடி முன்னால வாங்க. சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் பாடியை ரோட்டார் (மூடிக்குள்ள சுத்துற கை) சுத்துற பக்கமே திருப்பினா பல்பு அணையும். அங்கிருந்து எதிர்ப்பக்கம் மெதுவா. பல்பு எரியுற அந்தக் கணமே பாயிண்ட் திறக்கிற இடம். போல்ட்டை இறுக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க, இறுக்கும்போதே பாடி நகர்றது சகஜம்.

———

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. மார்க் நேரா நின்னா மட்டும் போதாது. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன்ல இருக்கணும். பிளக்கைக் கழட்டி ஓட்டையில விரல் வெச்சா காத்து தள்ளணும். இதை விட்டா 180 டிகிரி மாறிப்போய், கார்புரேட்டர்ல வெடி வெடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. ஆறு சிலிண்டர் லைன் இன்ஜின்னா பொறி விழுற வரிசை பெரும்பாலும் 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒயரை ரோட்டார் சுத்துற திசையில எண்ணுங்க.

புல்லி நடுவுல ரப்பர் இருக்கிற டைப்னா மார்க் இருக்கிற வெளி வளையமே வழுக்கியிருக்கலாம். எவ்வளவு வெச்சாலும் இழுவை வராத வண்டியில முதல் சந்தேகம் அதுமேலதான் போகணும்.

டைமிங் லைட்ல பார்க்கிறப்போ டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வேக்கம் ஹோஸைக் கழட்டி அடைச்சுடுங்க, ஐடிலையும் இறக்கி வைங்க. வேகம் கூடக் கூட டைமிங்கை முன்னால தள்ளுற உள் வெயிட்டு விரிய ஆரம்பிச்சா அளவு தப்பும்.

———

கரண்ட் வரலைன்னா:

செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டதும் நின்னா பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போற கரண்டைக் குறைக்கிறது) அவுட். செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் அதைச் சுத்திப் போயிடும், அதனாலதான் அப்போ மட்டும் ஓடுது. காயிலைக் குறை சொல்லி மாத்திடாதீங்க. மாத்தித்தான் ஆகணும்னா, ரெசிஸ்டரோட வேலை செய்யுற காயில் 1.5 ஓம் சுமாரும், இல்லாம ஓடுறது 3 ஓம் சுமாரும் காட்டும். 1.5ஐ ரெசிஸ்டர் இல்லாம மாட்டினா காயில் சூடேறும், பாயிண்ட் கருகும்.

பாயிண்ட்ல நீல நெருப்பு பளிச்பளிச்னு அடிச்சு, பிளக்ல மஞ்சளா மெலிசா வந்தா கன்டென்சர் (பாயிண்ட்ல பொறியை அடக்குறது) அவுட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. பென்சில்ல கீறினமாதிரி கறுப்புக் கோடு இருந்தா கரண்ட் அந்த வழியா ஓடுது, துடைச்சா போகாது. நடுவுல இருக்கிற கார்பன் விரலால அமுக்கினா ஸ்பிரிங்ல திரும்பி வரணும்.

பாயிண்ட் பிளேட்டை எர்த் பண்ற அந்தச் சின்னப் பின்னல் ஒயரையும் இழுத்துப் பாருங்க. வெளியே நல்லா தெரியும், உள்ளே அறுந்திருக்கும். வேக்கம் பிளேட்டை அசைக்கும்போது மட்டும் மிஸ் அடிக்கும்.